வாயைத் திறக்காமல் பரளச்சிக்கு

மதுரையில் பஸ் மாறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் என் குரல் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். குரல் டிரைவர் தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"ஏனுங்... உங்க வெள்ளாடு எங்க முருங்கையத் தின்னு போட்டுதுங். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்!"

உடனே டமடமவென்று மேளம். பிறகு "தின்னு போட்டுதுங், தின்னு போட்டுதுங்" என்று நான் ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் சொல்ல, முன் சீட்டில் இருந்த கைக்குழந்தை அம்மா மடியில் குதித்தது. நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்குப் பல்லடம் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரை படித்துவிட்டு விசைத்தறிக்குப் போனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். தறிச் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. எனக்கு அது வசதி. அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள், பக்கத்துத் தோட்டத்து ஆடு நான் வைத்த முருங்கைக் கன்றைக் கடித்துவிட்ட ஆத்திரத்தில், எங்கள் தெரு வாட்சப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டுவிட்டேன். அதை யாரோ யாருக்கோ அனுப்ப, எந்த ஊர்ப் பையனோ அதற்கு மேளம் சேர்க்க, மூன்றே வாரத்தில் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சி ஊர்வலம் எல்லாவற்றிலும் என் முருங்கை பாடியது. முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் "சக்கரை கம்மிங்" என்று சொன்னால் போதும், நாலு பேர் திரும்பி, "ஒருக்கா சொல்லுங்க அண்ணா, தின்னு போட்டுதுங்!" என்பார்கள். அதிலிருந்து டீயைச் சர்க்கரையோடே குடித்து வருகிறேன்.

பாட்டில் இரண்டாவது பாதியும் உண்டு. ஆட்டுக்காரன் பதில் சொல்வதாக ஒருவன் கட்டைக் குரலில், "ஏலே, எவம்லே எங்க ஆட்டச் சொன்னது?" என்று அதட்டுவான். பின்னணியில் அரிவாள் தீட்டும் சத்தம். மதுரைக்குத் தெற்கே எல்லோரும் இப்படித்தான் என்பது பாட்டுப் போட்டவர் எண்ணம். என் அக்காவுக்கும் அதே எண்ணம். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அக்கா மகள் கவிதா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் முத்துப்பாண்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். பையனுக்கு அருப்புக்கோட்டையைத் தாண்டி, திருச்சுழிப் பக்கம் பரளச்சி. மச்சான் இறந்து வருஷமாகிவிட்டது. எனவே மாப்பிள்ளை வீடு பார்க்கத் தாய்மாமன் நான்தான் போக வேண்டும். கிளம்பும்போது அக்கா இரண்டு உத்தரவு போட்டாள்.

"அங்க போயி வாயத் தொறக்காத கண்ணு. பொண்ணோட மாமன் அந்த முருங்கைக்காரன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அவளக் கேலி பண்ணிப்போடுவாங்க. அப்புறம், என்ன ஆனாலும் கை நனைச்சுப்போடாத."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. பேச்சு முடியாத இடத்தில் காப்பி, தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தெற்கேயும் அதே வழக்கம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கவிதா எந்த உத்தரவும் போடவில்லை. பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, "மாமா, அம்மா உங்க வார்த்தையத்தான் கேப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் பாதி வழியில் பெரிய சண்டை. கண்டக்டர் ஒரு வயதான அம்மாளைப் பார்த்து, "ஏத்தா, ஒன்னைய யாரு நிக்கச் சொன்னா? விழுந்து செத்தா நானா பதில் சொல்றது? உக்காருத்தா அங்கிட்டு!" என்று கத்தினார். அந்த அம்மாளும், "உக்காந்தா கால் மரத்துப்போகுதுல்ல, எடுபட்ட பயலே!" என்று கத்தினார். அடிதடி வரப்போகிறது என்று நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். கண்டக்டர் தன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். இறங்கும்போது அந்த அம்மாள் அவர் கையில் ஒரு கொய்யாப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

முதல் நாள் அருப்புக்கோட்டையில் தங்கினேன். காலையில் ஒரு தெருவில் நடந்தபோது விசைத்தறிச் சத்தம் கேட்டது. கண்ணை மூடினால் எங்கள் ஊர்தான். மனிதர் பேச்சு ஊருக்கு ஊர் மாறுகிறது, தறி எல்லா ஊரிலும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறது. அதைக் கேட்டதும் ஏனோ கொஞ்சம் தைரியம் வந்தது.

அந்தத் தைரியம் டீக்கடை வரைதான். அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"நம்மள என்னலே ரவுடின்னு நெனச்சானா? எப்பப் பாரு அருவா, அருவா. இந்தப் பாட்டப் போட்டவன் மட்டும் கையில கெடச்சான், ஒரே வெட்டு."

"அதத்தேன்லே அவன் பாட்டுல வச்சிருக்கான்."

"அந்த முருங்கைக்காரரு பாவம்லே. மனுசன் எம்புட்டு மரியாத!"

நான் சர்க்கரை டீயைக் குடித்துவிட்டு நழுவினேன்.

பரளச்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார்களாம். வேண்டாம் என்று கவிதாவிடம் சொல்லச் சொல்லியிருந்தேன். வந்தால் பேச வேண்டுமே. அதன் பலன், கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பஸ்ஸில் ஏறி, எங்கே போகிறது என்று கேட்க வாய் வராமல் உட்கார்ந்தேன். கண்டக்டரிடம் பணத்தை நீட்டினேன். அவரும் பேசாத ஆள் போலிருக்கிறது, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ரொம்ப நேரம் போன பிறகுதான் அது தூத்துக்குடி ரோட்டில் போகிற பஸ் என்று தெரிந்தது. பந்தல்குடியில் குதித்து இறங்கினேன்.

லாரிகள் வரிசையாக நின்றன. வெயில் தாரை இளக்கியது. எதிர்ப்பக்கம் திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நின்றதில் மத்தியானமே போய்விட்டது. இரண்டு பஸ் நிற்காமலே போயின. கையைக் காட்டினால் போதாது, இந்தப் பக்கத்தில் குரலும் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. பசியில் கண் இருட்டியபோது ரோட்டோரம் ஒரு தகரக் கூரைச் சாப்பாட்டுக் கடை தெரிந்தது. உள்ளே ஒரு அம்மாள் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"சாப்பாடு முடிஞ்சு போச்சுண்ணே. இம்புட்டு லேட்டா வந்தா என்ன செய்ய?" என்று சண்டைக்கு வருவதுபோல் கேட்டார். நான் திரும்பி நடந்தேன். "எங்கிட்டுப் போறீக? மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு! உக்காருங்க!" என்று அதைவிடப் பெரிய சத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தமக்காக வீட்டிலிருந்து கொண்டு வந்த தூக்குவாளியைத் திறந்தார். குதிரைவாலிச் சோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. எங்கள் பக்கத்தில் தேங்காய் அரைத்து ஊற்றி எல்லாவற்றையும் சாந்தப்படுத்திவிடுவோம். இந்தக் குழம்புக்கு அந்தச் சமாதானம் எல்லாம் கிடையாது. முதல் வாயிலேயே மூக்கில் நீர் வந்தது. இரண்டாவது வாயில் நிறுத்த முடியவில்லை. வாளியைக் கவிழ்த்துப் பார்க்கும்வரை சாப்பிட்டேன். காசு எடுத்தபோது, "வீட்டுச் சோத்துக்குக் காசா? உள்ள வைங்க!" என்று ஒரு அதட்டு.

பிறகு, "எங்க போகணும்?" என்று கேட்டார். நான் செல்போனில் கவிதா அனுப்பியிருந்த விலாசத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மாறியது.

"முத்துப்பாண்டி... பரளச்சி... ஆத்தி! இது எங்க அண்ணன் வீடுல்ல! அப்ப நீங்க பொண்ணோட மாமனா?"

தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். காலி வாளியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கை நனைச்சுட்டீகளே!"

அவர் பெயர் ராக்கம்மா. மாப்பிள்ளைக்கு அத்தை, அண்ணன் வீட்டோடு இருக்கிறவர். கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் கணக்கில் வராது. ஆனால் அது விலைக்கு இல்லாத வீட்டுச் சோறு, அண்ணன் வீட்டு அடுப்பில் ஆக்கியது. வழக்கப்படி இதைவிட ஈரமாகக் கையை நனைக்க முடியாது. இல்லை, தெரியாமல் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ரோட்டில் ஒரு லாரி என் முருங்கைப் பாட்டோடு கடந்து போனது. வாயை மூடிக்கொண்டேன்.

ராக்கம்மா கடையை அப்படியே சாத்திவிட்டு என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் கரிசல் காடு, சீமைக்கருவேலம், வெடித்துக் கிடந்த கண்மாய். "அங்க தண்ணியே இல்லையாமா" என்று அக்கா சொன்னது நினைவு வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு முதலில் ஓடுகிறவளும் அக்காதான். ராக்கம்மா ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறு கையால் போனில் கத்திக்கொண்டே வந்தார். "அண்ணே! மாமா கை நனைச்சுட்டாக! ஆமா, எங்கிட்டத்தேன்! முழு வாளி!"

வீட்டு வாசலில் முத்துப்பாண்டியின் அப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் சிரித்தேன், தலையை ஆட்டினேன், கும்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் மெல்ல ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"ஏத்தா ராக்கு, இவுக வாய் பேச மாட்டாகளோ?" என்றார் அப்பா, என் காதுக்குப் பக்கத்திலேயே நின்று.

"வழி முழுக்க ஒரு சொல்லு பேசலண்ணே."

"பாண்டிகிட்ட போன்ல கேட்டேன். 'மாமா அதிகம் பேச மாட்டாரு'ன்னு சொன்னான்," என்றார் அம்மா.

"அதத்தேன் நாசூக்காச் சொல்லியிருக்கான்."

அதன் பிறகு என்னிடம் எல்லோரும் கையை ஆட்டிப் பேசினார்கள். என்னை வைத்துக்கொண்டே தங்களுக்குள் எல்லாவற்றையும் பேசினார்கள். சாயங்காலம் அப்பா என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார். அவர் ஆடுகளில் ஒன்று யாருடைய செடியையோ மேயப் போனது. அவர் கையைத் தட்டி, "ஏனுங்! தின்னு போடாதீங்! இங்கிட்டு வாங்!" என்றார். ஆடு உடனே திரும்பி வந்தது. என் ஊர் ஆடு என் பேச்சைக் கேட்கவில்லை. என் பேச்சு இங்கே வந்து ஆடு மேய்க்கிறது.

இரவு சாப்பாட்டில் இரண்டாம் முறையும் கை நனைத்தேன். முழுகியது முழுகியாகிவிட்டது. அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வெயில் ஏறும் முன்பே எழுந்து வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என் குரல் கேட்டது. "ஏனுங்... உங்க வெள்ளாடு..." பாட்டு நின்றது. பிறகு பாண்டியின் அம்மா குரல், மெதுவாக, பாடம் ஒப்பிப்பதுபோல.

"ஏனுங்... வாங்... உக்காருங்..." கொஞ்சம் நிறுத்தி, "சாப்புட்டுப் போங்."

மறுபடி பாட்டு. மறுபடி அவர்.

ராக்கம்மா வந்து கேட்டார்: "என்ன மதினி, விடிஞ்சும் விடியாம ஆட்டுப் பாட்டு?"

"நம்ம பேசுனா சண்டை போடுற மாதிரி இருக்குன்னுதானே அந்தப் பக்கத்து ஆளுக நெனைக்கிறாக. பாட்டுலயே அருவாவத் தீட்டுறான். அந்தப் புள்ள தாய விட்டுட்டு இங்க வரப்போகுது. நான் வாய்க்கு வந்தபடி கத்தி, அது பயந்துபோயி ஒரு மூலையில உக்காந்துட்டா? அதான், பாட்டுல இவரு பேசுற மாதிரி நாலு வார்த்தை படிச்சு வச்சுக்கிறேன். அதுக்குத் தன் வீட்டு ஞாபகம் வரும்ல. சும்மா சிரிக்காத, போ."

ராக்கம்மா சிரித்தார். நான் வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். நாலு மாதமாக அந்தப் பாட்டை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். சிரிக்கத்தான் கேட்டார்கள். யாராவது அதைப் படிப்பதற்காகக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த நேரம் திண்டில் இருந்த என் போன் அடித்தது. நான் போய் எடுப்பதற்குள் பாண்டியின் அப்பா எடுத்துவிட்டார். "பாவம், அவுக எப்பிடிப் பேசுவாக" என்று எனக்காக இரக்கப்பட்டு ஸ்பீக்கரைப் போட்டார். அக்கா வந்தாள், முழு வேகத்தோடு.

"ஏன் கண்ணு, கவிதா என்னமோ சொல்றாளே! அங்க கை நனைச்சுப்போட்டயாமா? நா என்ன சொல்லி அனுப்புனேன்? தெரியாமத் தின்னு போட்டேன்னு சொல்லிப்போட்டு இப்பவே கெளம்பி வா. கல்யாணப் பேச்சு அப்புறம் பாத்துக்கலாம். என்ன, சத்தத்தையே காணோம்? வாயத் தொறந்து சொல்லு!"

பாண்டியின் அம்மா கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்றார். வாயைத் திறக்கச் சொல்கிறார்களே என்று அப்பா குழப்பத்தோடு என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். 'தெரியாமல்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா கோபம் தணிந்துவிடும். பேச்சு தள்ளிப்போகும். எங்கள் வீட்டில் தள்ளிப்போன பேச்சு திரும்பி வந்ததில்லை. கவிதாவின் சிவந்த கண் நினைவு வந்தது.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனை வாங்கினேன்.

"தெரிஞ்சேதானுங்க்கா தின்னு போட்டேன்," என்றேன். மத்தியானம் சாப்பிட்டதைச் சொன்னால் அது பொய். ராத்திரி சாப்பிட்டதைச் சொன்னால் உண்மை.

ராக்கம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"ஆத்தி! முருங்கைக்காரரு!"

"ஏத்தா, இவுகளா அது?" என்று அப்பா கத்தினார். "நம்ம வீட்டுலயா?" என்று ராக்கம்மா கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்திக்கொண்டே ஓடி வந்தார்கள்.

"அய்யோ, அங்க என்ன சண்டை?" என்றாள் அக்கா.

"சண்டை இல்லீங்க்கா. சந்தோசமா இருக்காங்க."

"இதா சந்தோசம்?"

"ஆமாங்க்கா."

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நீ சொல்லு. புள்ளைய அங்க அனுப்பலாமா?"

அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதில்லை. பேசியது எல்லாம் ஸ்பீக்கரில்தான்.

"அனுப்பலாங்க்கா. தைரியமா அனுப்பலாம். காதுக்குக் கொஞ்சம் பஞ்சு மட்டும் வேணும். அதும் அருப்புக்கோட்டையிலயே நல்லதாக் கெடைக்குதுங்."

அக்கா சிரித்ததை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள். "சரி, அடுத்த வாரம் நானே வர்றேன். இப்ப என்ன குழம்பு வெச்சாங்க, அதச் சொல்லு," என்றாள். அது எங்கள் வீட்டில் சம்மதம்.

பாண்டியின் அம்மாதான் சிரிக்காமல் நின்றார். அவர் ஒப்பித்ததை நான் கேட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்திருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நான் சரியாத்தானே படிச்சேண்ணே?" என்று கேட்டார்.

"சரியாத்தானுங் படிச்சீங்க. ஆனா அது நான் கோவத்துல பேசுனதுங். எங்கூர்ல சண்டைன்னா இப்பிடித்தான் பேசுவோம். வீட்டுக்குள்ள சின்னப் புள்ளகிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசுனா, கவிதா நீங்க மொறைச்சுக்கிட்டதா நெனைச்சு அழுதுபோடுவா."

"கோவமா? இதுவா கோவம்?" என்றார் அவர்.

"இம்புட்டுத்தேனா உங்க கோவம்!" என்று அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "எங்க ஆட்டுக்குக்கூட இது கோவம்னு தெரியலயே!"

அன்று மத்தியானம் மூன்றாம் முறையாகக் கை நனைத்தேன். தட்டில் குழம்பு ஊற்றும்போது பாண்டியின் அம்மா, "சாப்புடுங்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அருப்புக்கோட்டையில் எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட மூன்று பேருமே வந்தார்கள். நானே கண்டக்டரிடம் போய், "இது பல்லடம் போகுமுங்களா?" என்று கேட்டுத்தான் ஏறினேன். அவர் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். நான் துண்டைத் தேடவில்லை.

வண்டி நகர்ந்தது. பாண்டியின் அம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"ஏண்ணே! போயி எறங்குன ஒடனே போன் போடணும்! போடாம மட்டும் இருந்தீக, அங்க வந்து தோல உரிச்சுப்புடுவேன், பாத்துக்கங்க!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டில் நூல் வியாபாரி ஒருவர், எங்கள் பக்கத்துக்காரர், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். தெரு மறையும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங், ஏதாச்சும் பிரச்சினைங்களா? யாருங் அந்த அம்மா?"

"சம்பந்தியம்மாங்," என்றேன்.